விருந்தாளிக்காக நின்ற தறிகள்

பொதட்டூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை தாண்டி, அக்கா வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது காதுக்கு முன்னால் காலுக்குத்தான் தெரியும். உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு. பிறகு முழங்காலில். தெருவில் பாதி தூரம் போவதற்குள் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வீடு தறி. முன்னறையில் நான்கு, வசதியுள்ள வீட்டில் ஆறு, எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. ஊடுநூலைச் சுமக்கும் நாடாக் கட்டை இந்தக் கோடியில் அடிபட்டு அந்தக் கோடிக்கு ஓடும், அங்கே அடிபட்டு இங்கே திரும்பும். நடுவில் கட்டம் போட்ட லுங்கி ஒன்று, தனக்கு எந்த அவசரமும் இல்லாததுபோல் வளர்ந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள்தான் சமையல் நடக்கும், சண்டை நடக்கும், காய்ச்சல்காரர்கள் படுத்திருப்பார்கள், பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்.

நான் திருத்தணியில் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் மனுக்களும் அடித்துக் கொடுக்கிற சின்னக் கடை. என் ஊரும் சத்தத்துக்குக் குறைந்ததில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் மலை முழுக்கக் காவடியும் அரோகராவும். மற்ற நாட்களில் ஆந்திரா பஸ்களின் ஹாரன். ஆனால் அவையெல்லாம் வந்துபோகிற சத்தங்கள். வரும்போது எரிச்சல்படுகிறோம், போனபிறகு மறந்துவிடுகிறோம். அக்கா தெருவில் இருப்பது குடிவந்துவிட்ட சத்தம். அதன்மேல் எரிச்சல்பட யாருக்கும் தோன்றுவதில்லை, சுவர்மேல் யாரும் எரிச்சல்படாததைப்போல.

அந்தச் சத்தத்தோடு வாழ அந்தத் தெரு தனக்கென்று சில பழக்கங்களைச் செய்துவைத்திருந்தது. ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போய், மோவாயைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பிறகு வாயை நன்றாகத் திறந்து, உதடு தெரியச் சொல்வார்கள். புருஷன் பெண்டாட்டி மோவாயைத் தொடுவதும், மருமகள் மாமியார் மோவாயைத் தொடுவதும் அங்கே சாதாரணம். முதல்முறை பார்க்கிற வெளியூர்க்காரர்கள் இந்தத் தெருவில் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

கரண்ட் போனால்தான் வேடிக்கை. சட்டென்று தறி நின்றுவிடும், வாய் நிற்காது. ஒருநாள் மத்தியானம் அப்படி நின்ற நொடியில் எதிர்வீட்டு அம்மா தன் ஓரகத்தியைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தெரு முழுக்கக் கேட்டது. ஓரகத்தி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். கரண்ட் திரும்பி வரும்வரை யாரும் வெளியே தலை காட்டவில்லை.

அக்கா அந்தத் தெருவின் பால்வாடி டீச்சர். பால்வாடி என்பது இரண்டு தறி வீடுகளுக்கு நடுவே வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. இடது சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறி, வலது சுவருக்கு அந்தப் பக்கம் என் பாவாவின் நான்கு தறி. பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். அந்தப் பக்கம் தமிழ் வீடுகளிலும் அக்கா புருஷனை இப்படித்தான் கூப்பிடுவது. அந்த அறையில் பிள்ளைகள் பாடும், சாப்பிடும், மத்தியானம் வரிசையாகப் பாயில் படுத்துத் தூங்கும். கரண்ட் போனால் அத்தனையும் எழுந்து உட்கார்ந்துவிடும். சத்தத்துக்கு எழும் குழந்தைகளை நாம் பார்த்திருக்கிறோம். அக்காவின் பிள்ளைகள் அமைதிக்குத் திடுக்கிட்டு எழுந்தன.

“பின்னாடி நின்னு கூப்ட்டா ஒண்ணுகூட திரும்பறது இல்லடா” என்றாள் அக்கா ஒருநாள், வீடியோவில். அவள் எப்போதும் வீடியோவில்தான் கூப்பிடுவாள். சாதாரணமாகக் கூப்பிட்டால் எடுத்ததும் திட்டு விழும்: மூஞ்சிய காட்டு, யாருன்னு பேசறது? “திரும்பறது இல்ல. பேசுனா அல்லாம் கத்துது. வார்த்தையில பாதிதான் வருது. தண்ணின்னு சொல்ல மாட்டேங்குது, தண்ணுங்குது. இதுங்க நாளைக்கு பள்ளிக்கூடம் போயி பின்னால பெஞ்சுல குந்தினா இன்னா கேக்கும்?”

“டாக்டர்கிட்ட…”

“இன்னா?”

“டாக்டர்கிட்ட காட்டலாமில்ல?”

“வாய்க்குள்ளயே பேசற. உங்க திருத்தணில அல்லாரும் இப்டித்தான், சாமி காதுல சொல்ற மாதிரி.”

அடுத்த தெருவின் முனையில் ஒரு சமுதாயக்கூடம் இருந்தது. அங்கே தறி இல்லை. வருஷத்தில் சில கல்யாணங்கள், ஓட்டுப்போடும் நாள், மற்ற நாளெல்லாம் பூட்டு. பால்வாடியை அங்கே மாற்றிக் கொடுங்கள் என்பதுதான் அக்கா கேட்டது. வேறொன்றும் இல்லை. மனுவை நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதிகாரிகள் மறுக்கவில்லை. இரைச்சல் அதிகம் என்பதற்கு ஆதாரம் வேண்டும், ஆள் அனுப்பி அளந்து பார்க்கிறோம், அளவுக்கு மேல் இருந்தால் மாற்றலாம் என்றார்கள். நியாயம்தான். அளக்காமல் செய்தால் நாளைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்பார்கள். அக்கா மகிழ்ச்சியோடு இருந்தாள். அந்தத் தெருவின் சத்தத்தை அளந்தால் மிஷினே வெடித்துவிடும் என்று என்னிடம் சொன்னாள்.

அளக்க வந்தது ஒரு பெண். சென்னையில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சி செய்கிறவர். மாவட்டத்துக் குழு அவரிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தது. ரயிலில் திருத்தணிக்கு வந்தார். அழைத்துப்போகும் பொறுப்பை அக்கா என் தலையில் கட்டியிருந்தாள். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, கே.ஜி.கண்டிகை தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பையைத் திறந்து கருவியைக் காட்டினார். கைக்கு அடக்கமாக, மேலே கறுப்புப் பஞ்சு உருண்டை ஒன்று வைத்திருந்தது. குழந்தை வாயில் வைக்க ஆசைப்படும் பொருள்போல.

“இதுல ஒரு சிக்கல் இருக்குண்ணா” என்றார். “தொழிற்சாலைல வேலை செய்யறவங்களுக்கு ஒரு அளவு வெச்சிருக்காங்க. குடியிருக்கிற தெருவுக்கு வேற அளவு. உங்க ஊர்ல வீடே தொழிற்சாலை. தொழிற்சாலைக்குள்ள தொட்டில் ஆடுது. இத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்கே தெரியல.”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியவில்லை என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்கிறவர்களை நான் நம்பிவிடுவேன்.

தெருவுக்குள் நுழைந்தோம். இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் அந்தத் தெருவின் இன்னொரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய விஷயம் என்றே யாருக்கும் படவில்லை. மூச்சு விடுகிறோம் என்று விருந்தாளியிடம் சொல்வோமா?

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஆள் வந்தால் தறியை நிறுத்துவார்கள். வாங்க என்று வாய் சொல்வதற்கு முன்னால் கை சொல்லிவிடும். சுவிட்ச் அணையும், பெல்ட் தளர்ந்து நிற்கும், பிறகுதான் வாங்க. வந்தவர் எழுந்து போகும்வரை தறி ஓடாது. வந்தவர் வேண்டியவர் என்றால் பக்கத்து வீடும் நிறுத்தும். பெண் கேட்டு வந்தால் எதிர் வரிசையும் நிறுத்தும். தறி ஓடும்போது ஓர் ஆளை நிற்கவைத்துப் பேசுவது, எச்சில் கையோடு கதவைத் திறப்பதைவிட மோசம். நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் கூலி நஷ்டம்தான். அதனால்தான் அதற்கு மரியாதை.

டீச்சரம்மாவுக்காகச் சென்னையிலிருந்து ஒரு பெண் வருகிறது என்று தெருவுக்கே தெரியும். நாங்கள் முதல் வீட்டை நெருங்கியபோது அந்த வீட்டுத் தறி நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. எங்களுக்கு முன்னால் அமைதி நடந்துபோய்க்கொண்டே இருந்தது, கட்டியக்காரன் மாதிரி. “ரண்டம்மா, ரண்டி” என்று ஒரு வீட்டில் தெலுங்கில் வரவேற்று நாற்காலி போட்டார்கள். இன்னொரு வீட்டில் பன்னீர் சோடா. பால்வாடியில் பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பொட்டு வைத்திருந்தது. இரண்டு பக்கச் சுவர்களும் அமைதியாக இருந்தன.

“தறி ஓடலையாங்க?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“ஓட்றேங்க, ஓட்றேங்க. மொதல்ல டீ சாப்டுங்க” என்றார் பாவா. டீ முடிந்ததும் ஒரு தறியை ஓட்டிக் காட்டினார். ஒரே ஒரு தறியை, கண்காட்சியில் காட்டுவதுபோல், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. எல்லா வீட்டிலும் அப்படித்தான், வந்தவர் கேட்டதற்காக ஒன்று. பஞ்சு உருண்டையை நீட்டி அவர் அளந்தார், எழுதிக்கொண்டார். புறப்படும்போது அக்கா ஒரு லுங்கியும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுக்க, அவர் வாங்க மறுக்க, கடைசியில் ரவிக்கைத் துணி மட்டும் போயிற்று. பஸ் ஏற்றிவிட்டு வரும்போது எனக்கு அந்தத் தெருவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

முடிவு சொல்லும் கூட்டம் திருத்தணியில், மலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலக ஹாலில் நடந்தது. மின்விசிறிகள் சுற்றின. நிறைய ஊர்களின் நிறைய விஷயங்கள். குவாரித் தூசு, சாயத் தண்ணீர், எங்கள் பால்வாடி. அதிகாரி நல்லவர், களைத்திருந்தார். காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: அளவுக்குள்தான் இருக்கிறது, இடமாற்றம் தேவைப்படவில்லை.

“இன்னா சொன்னாரு?” என்றாள் அக்கா என்னிடம். அவள் மெதுவாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டாள். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நான் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, உதடு தெரிய, “சத்தம் கம்மியாம்” என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். கேலி பண்ணுகிறேன் என்றுதான் நினைத்திருக்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு வாய்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே டீக்கடையில் அந்தப் பெண்ணும் வந்து எங்களோடு நின்றார். அவருக்கும் சங்கடம்தான். “டீச்சர், நான் பொய்யா எதுவும் எழுதல. கருவி காட்டினதுதான். நான் வந்த அன்னைக்கு நெறைய தறி நின்னுட்டு இருந்துச்சு. இப்போ ஆர்டர் இல்லாம தொழில் மந்தமா இருக்குன்னு நெனச்சேன். அதையும் எழுதியிருக்கேன்.”

“மந்தமா?” என்றாள் அக்கா. இதை மட்டும் அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாள். “கண்ணு, உனக்காகத்தாம்மா நிறுத்துனாங்க.”

“எனக்காகவா?”

“பின்ன? வீட்டுக்கு வந்த பொண்ண நிக்க வெச்சிட்டு தறி ஓட்டுவாங்களா?”

அந்தப் பெண் டம்ளரை மேசைமேல் வைத்தார். லாரி ஒன்று போயிற்று. எனக்கு அந்தத் தெருவில் எங்களுக்கு முன்னால் நடந்துபோன அமைதி நினைவுக்கு வந்தது, பன்னீர் சோடா நினைவுக்கு வந்தது. ஒரு தெரு தன்னுடைய மிகச் சிறந்த குணத்தைக் காட்டியதாலேயே தோற்றிருந்தது.

பிறகு பல நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். மலைக்குப் போகிற சாலையில் நடப்பேன், ரயில்வே கேட்டில் நிற்பேன், கடைக்குத் திரும்பி வந்து யாருடைய பத்திரிகையிலோ முகூர்த்த நேரத்தைத் தப்பாக அடிப்பேன். அளக்க வருகிறவர் வருகிறார் என்ற செய்தியே அளவை மாற்றிவிடுகிறது. குவாரிக்குச் சோதனை என்றால் அன்றைக்குச் சாலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள், லாரிக்குத் தார்ப்பாய் போடுகிறார்கள். அது தந்திரம். எங்கள் தெரு செய்தது மரியாதை. காகிதத்தில் ஏறும்போது இரண்டும் ஒரே எண்ணாக ஏறுகின்றன. அந்த எண்ணைப் பார்த்து மேலே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் முன்னால் இருந்தது அந்த எண் மட்டும்தான். அதைச் சுற்றி ஒரு தெரு இருந்தது, சுவிட்சின்மேல் ஒரு கை இருந்தது, அதெல்லாம் எண்ணோடு கூட வரவில்லை. எண் தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தது.

அந்தப் பெண் விடவில்லை. தன் முடிவு தப்பு என்று குழுவுக்கு அவரே சொன்னார். மறுபடி அளக்க அனுமதி வாங்கினார். அப்படிச் செய்வதில் அவருக்கு என்ன கஷ்டம் வந்ததென்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுபடி வந்தபோது பஸ்ஸில் முன்னைவிடக் குறைவாகப் பேசினார் என்பதுதான்.

இந்தமுறை சிக்கல் பாவா. தறியை நிறுத்தக்கூடாது என்று அக்கா சொன்னதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அதெப்படிடி? அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நிக்கும், நான் முதுக காட்டிக்கினு தறி ஓட்டிக்கினு இருக்கணுமா? தெருவுல காறித் துப்ப மாட்டான்?”

“தெருவே அப்டித்தான் செய்யப்போவுது. நான் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டாளாம். மச்சான், இவ கலெக்டரு.” பிறகு என் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தறி ஓடவில்லை, நான் வந்திருந்ததால் நிறுத்தியிருந்தார். ஆனாலும் திருப்பினார். “மரியாத கெடக்குது. நீ ஒண்ணு சொல்லு. நம்பர் ஜாஸ்தியா வந்துச்சு. மேல இன்னா செய்வான்? பால்வாடிய மாத்துவானா, தறிய மூடுவானா?”

இதுதான் அவருடைய கேள்வி. தெருவில் எல்லோருடைய கேள்வியும் இதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணையே கேட்கச் சொன்னேன். சில நாள் கழித்து அவர் வந்தார். பாவா சுவிட்சை அணைத்தார், நாற்காலி போட்டார், கேட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார் அவர். “மூடணும்னு நான் எழுத மாட்டேன். நான் எழுதலைன்னா அவங்க மூட மாட்டாங்கன்னும் என்னால சொல்ல முடியாது.”

பாவா துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். “ஆபீசருங்கள்ல நீதாம்மா மொத மொத உண்ம பேசற ஆளு.”

“நான் ஆபீசர் இல்லீங்க.”

“ஆங், அதான் பேசற.”

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அதன்பிறகுதான் காரியமாகப் பேச முடிந்தது. குழந்தைகள் விஷயத்தையும் தறி விஷயத்தையும் தனித்தனியாக எழுதுகிறேன் என்றார் அவர். குழந்தைகள் அந்த அறையில் இருக்கக்கூடாது என்பதற்கு இப்போது தெரிந்ததே போதும். தறிகளை என்ன செய்யலாம் என்பதற்கு இன்னும் தெரியவேண்டியது நிறைய இருக்கிறது. தெரிந்ததைச் செய்வதற்குத் தெரியாதது முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். முடிவெடுக்கிற கூட்டத்தில் நெசவு செய்கிறவர் ஒருவர் உட்கார வேண்டும் என்றும் கேட்கிறேன் என்றார். “நீங்க வருவீங்களா?”

“நானா? ஆபீசுக்கா?” என்றார் பாவா. சட்டையைப் பார்த்துக்கொண்டார். அதுதான் சம்மதம்.

மரியாதைக்கும் ஒரு வழி பிறந்தது. அவர் வந்து நிற்கப்போவதில்லை. மேலே அதே மாதிரி பஞ்சு உருண்டை வைத்த, பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டியைப் பால்வாடியின் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போய்விடுவார். அது தன்பாட்டுக்கு நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கும். சில நாள் கழித்து வந்து அவிழ்த்துக்கொள்வார். தினமும் எந்த நேரத்தில் எத்தனை தறி ஓடியது, பிள்ளைகள் எங்கே படுத்திருந்தன என்று அக்கா ஒரு தாளில் குறித்துவைப்பாள். எண்ணோடு தெருவும் கூடப் போகும்.

“பொட்டிக்கு விருந்து கெடையாது இல்ல?” என்று உறுதிப்படுத்திக்கொண்டார் பாவா.

ஆனாலும் அந்தப் பெட்டியைத் தெரு சும்மா விடவில்லை. எதிர்வீட்டு அம்மா முதல் இரண்டு நாள் ஜன்னல் பக்கமே வரவில்லை. பிறகு அக்காவிடம் ரகசியமாக, அதாவது அந்தத் தெரு அளவுக்கு ரகசியமாக, கேட்டிருக்கிறாள்: “பேசறத அல்லாம் புடிச்சி வெச்சிக்குமா?”

“புடிக்காது. சத்தம் எவ்ளோன்னு மட்டும்தான்.”

“அப்ப நான் ஓரகத்திய திட்டுனது?”

“அதுவும் நம்பராத்தான் போவும்.”

“அப்டின்னா பெரிய நம்பரா போவட்டும்” என்றாளாம்.

வெள்ளிக்கிழமை தறிக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது அங்கே வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை பெட்டிக்கும் யாரோ வைத்திருந்தார்கள், மஞ்சள் பூசி, நடுவில் பொட்டு. நல்ல காலம், பஞ்சு உருண்டைக்கு வைக்கவில்லை. அவிழ்க்க வந்தபோது அந்தப் பெண் அதைத் துடைக்கவில்லை. அப்படியே பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கூட்டத்தில் பாவா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதிய எண்ணைப் படித்துவிட்டு அதே அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே அறை, ஒரே சுவர். எது சரி என்று கேட்டார்.

பாவா எழுந்தார். வீட்டில் பேசும் அதே குரலில், அதாவது ஹால் அதிரும்படி, சொன்னார்: “ரெண்டும் சரிங்க. மொதல்ல எடுத்தது நாங்க உங்களுக்கு குடுத்த மரியாதைங்க. இது நாங்க வாழ்றதுங்க.”

பால்வாடி சமுதாயக்கூடத்துக்கு மாறலாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். தறிக்குக் கீழே ரப்பர் பட்டை போட்டுப் பார்ப்பது, காதில் அடைப்பான் வைத்துப் பார்ப்பது என்று தறிகளைப்பற்றி ஏதேதோ பேசினார்கள். அது இன்னும் பேச்சாகத்தான் இருக்கிறது. காதை அடைத்துக்கொண்டால் நூல் அறுவது எப்படிக் கேட்கும் என்று பாவா கேட்கிறார். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. யாரும் தறியை மூடவும் இல்லை. அந்தப் பயம் தெருவில் முழுக்கப் போய்விட்டதென்று நான் சொல்லமாட்டேன்.

புதிய இடத்துக்குப் போன புதிதில் பிள்ளைகள் அங்கேயும் கத்திக்கொண்டுதான் இருந்தன. பெரிய ஹால், சுண்ணாம்பு அடித்த சுவர். கத்தியது திரும்பி வந்து அவற்றையே அடித்தது. மத்தியானத்தில் தூக்கம் வரவில்லை. அமைதி அவற்றுக்குப் புதுசாக இருந்தது, வெயிலில் வந்தவனுக்கு இருட்டுப்போல. அக்கா மடியில் போட்டுத் தட்டித் தட்டித் தூங்கவைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல்கள் இறங்கின. காகம் கத்தினால் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. தெருவில் போகிற ஐஸ் வண்டியின் மணிக்கு வாசலுக்கு ஓடின. இதையெல்லாம் அக்கா வீடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தண்ணி முழுசாக வந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னாள், ஏதோ குழாயில் வந்ததுபோல.

நான் போனது சில மாதம் கழித்து. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக்குரல்கள் கேட்டன. சின்னச் சின்னதாக, சாதாரணமாக, எந்த ஊர்க் குழந்தைகளும் பேசுவதுபோல. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண்குழந்தை கூப்பிட்டது. “டீச்சர்.” அக்கா அடுக்கிக்கொண்டிருந்தாள். “டீச்சர், தண்ணி.” ஒவ்வோர் எழுத்தும் முழுசாக இருந்தது. அக்கா ஒரு யானையைக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். வீடியோ. வாய்க்குள்ளயே பேசற. இன்னா சொன்னாரு? பழைய அறையில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. அதனால் அக்காவுக்குக் கேட்கவில்லை என்பதும் யாருக்கும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தை சலித்துக்கொள்ளவில்லை. நடந்து போனது. அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தது. மோவாயைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு வாயை நன்றாகத் திறந்து, உதடு தெரிய, சத்தமே இல்லாமல் சொன்னது.

“ஆங், தண்ணியா? வா கண்ணு” என்றாள் அக்கா, ஹால் அதிரும்படி.

போன வாரம் அக்காவைத் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காதுக்கு ஒரு சோதனை. உள்ளே போகும் முன்னால் என் மோவாயைத் தொட்டுத் திருப்பி, “இதையும் எழுதிக்குமாடா அந்தப் பொண்ணு?” என்று கேட்டாள். எழுதிக்கொள்ளும் என்றேன். அப்படியானால் சரி என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.